பாலத்துக்கு முந்தின பாட்டன்: கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘ஒரே வழி’ என்றால் என்ன?

தங்கச்சிமடத்தில் ஒரு டீக்கடை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பெஞ்சு முழுக்க ஆட்கள். ஊழியத்துக்கு வந்த ஒரு பாஸ்டர் பாம்பன் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: “இந்தத் தீவுக்குள்ள வரணும்னா அந்தப் பாலந்தான். பரலோகத்துக்கும் அப்படித்தான். இயேசு ஒருத்தர்தான் வழி.”

மூலையில் வலைக்கு ஊசி கோத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிரவில்லை. “ரயில் பாலம் 1914-ல வந்துச்சு. ரோட்டுப் பாலம் 1988-ல. அதுக்கு முந்தி எங்க பாட்டன் வத்தைப் படகுலதானய்யா வந்துட்டுப் போயிட்டு இருந்தாரு. அவரு கதி?”

கடை சிரித்தது. பாஸ்டரும் சிரித்துவிட்டார். எல்லாருக்கும் டீக்காசு அவரே கொடுத்தார்.

எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகவில்லை. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். என் தம்பி பத்து வருஷமாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். பள்ளிக்கூடத்திலிருந்து கூட வரும் நண்பன் திருப்புல்லாணிக்காரன், வைணவன். “எல்லா ஆறும் கடலுக்குத்தானடா போகுது, உங்க ஆளுங்க மட்டும் ஏன் ஒரே வழின்னு அடம்பிடிக்கிறாக?” என்று அவன் கேட்காத வருஷம் இல்லை. அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் குருமடம் போனவன் இல்லை. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், பதில் தெரியாமல் முழித்த அனுபவம்தான் என் படிப்பு.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம், பாதிச் சண்டை அங்கேதான் கிடக்கிறது. சபைக்காரர்கள் ‘இரட்சிப்பு’ என்பார்கள். என் தம்பி ஆளைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வியே “நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?” என்பதுதான். ஆபத்திலிருந்து காப்பாற்றுவது என்று பொருள். கத்தோலிக்கர் இப்போது ‘மீட்பு’ என்கிறோம். அம்மா காலத்து ஆட்கள் ‘ஆத்தும ஈடேற்றம்’ என்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பே தமிழில் ‘கரையேறுதல்’ இருக்கிறது, ‘கடைத்தேறுதல்’ இருக்கிறது. சைவரும் வைணவரும் கிறிஸ்தவரும் பொதுவாகப் புழங்கிய சொற்கள் அவை.

இவற்றில் ‘மீட்பு’தான் எனக்குப் பிடித்தது. காரணம் அடகுக்கடை.

எங்கள் பக்கம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதத்தில் வீட்டு நகை கடைக்குப் போகும். தடை முடிந்து நல்ல மீன்பாடு கிடைத்தால் திரும்பி வரும். கிடைக்காவிட்டால் வட்டி ஏறும், கெடு தாண்டும், “நகை மூழ்கிப் போச்சு” என்பார்கள். கடல்கரைக்காரனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். மூழ்குவதற்கு முன் யாராவது பணம் கட்டி எடுத்துக்கொண்டு வந்தால் அதற்குப் பெயர் மீட்பது. இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவரை விடுவித்தாலும் பேப்பரில் ‘மீட்பு’ என்றுதான் போடுகிறான்.

புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் கையாண்ட கிரேக்கச் சொல்லும் ஏறக்குறைய இந்தக் கடைத்தெருச் சொல்தான். அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் தொகை. மாற்கு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் இயேசு, பலரை மீட்க விலையாகத் தம் உயிரைக் கொடுக்கவே வந்தேன் என்கிறார். கிறிஸ்தவ நம்பிக்கையின் கரு அந்த ஒரு வரி. மனிதன் மூழ்கப்போகும் நகை. அவனால் தன்னைத் தானே மீட்டுக்கொள்ள முடியாது. ஒருவர் வந்து விலை கட்டி எடுத்தார்.

எதிலிருந்து? பாவத்திலிருந்தும் சாவிலிருந்தும். ‘பாவம்’ என்றதும் நம் ஊர்க் காதில் கணக்குப் புத்தகம்தான் திறக்கும்: இந்தப் பக்கம் பாவம், அந்தப் பக்கம் புண்ணியம், கடைசியில் கூட்டிக் கழித்தல். கிறிஸ்தவம் சொல்லும் பாவம் செய்த குற்றங்களின் பட்டியலைவிட ஆழமானது. கடவுளோடு இருந்த உறவு முறிந்துபோன நிலை அது. தனித்தனிக் குற்றங்கள் அதிலிருந்து முளைப்பவை. அதனால்தான் ‘நல்லவனாக நடந்தால் போதாதா?’ என்பதற்குக் கிறிஸ்தவ மரபு தலையசைப்பதில்லை. புண்ணியம் சேர்த்து அந்த அசலை அடைக்க முடியாது என்பது அதன் கணக்கு. தமிழில் பாவப்பட்டவனைப் பார்த்து “அய்யோ பாவம்” என்று இரங்கவும் அதே சொல்லைத்தான் எடுக்கிறோம். இறையியல் புத்தகங்கள் பல பக்கம் எழுதிச் சொல்வதை நம் பாட்டிமார் உச்சுக்கொட்டிச் சொல்லிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இந்த உவமை ஒழுகும் இடமும் உண்டு. “அப்ப அடகுக்கடைக்காரன் யாரு சார்?” என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நான் திணறினேன். நான் மட்டுமில்லை, பெரிய பெரிய ஆட்களே திணறியிருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிகன், விலை சாத்தானுக்குக் கட்டப்பட்டது என்கிற மாதிரி எழுதினார். பதினோராம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் அன்செல்ம் என்ற இன்னொரு இறையியலாளர், சாத்தானுக்கு என்ன பாத்தியதை, மனிதன் கடவுளுக்குச் செலுத்தத் தவறிய கடன் அது என்று திருத்தினார். இதுதான் ஒரே விளக்கம் என்று திருச்சபையின் எந்தப் பொதுச்சங்கமும் அறுதியிட்டுச் சொல்லவில்லை.

அந்த வசனம் எங்கே சொல்லப்பட்டது

ஊர்ச் சுவர்களில் எழுதிப்போட்டிருக்கும் ‘ஒரே வழி’ வசனம் யோவான் நற்செய்தி 14:6. “நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்.” சுவரில் தனியாகப் படித்தால் மற்ற மதத்துக்காரரைப் பார்த்து விட்ட சவால் மாதிரித்தான் தெரியும். புத்தகத்தில் அது வேறு இடம். கடைசி இரவு. குரு போகப்போகிறார் என்று சீடர்கள் கலங்கிப்போயிருக்கிறார்கள். “நீர் போகிற இடமே எங்களுக்குத் தெரியாது, வழி எப்படித் தெரியும்?” என்று தோமா கேட்கிறார். மயிலாப்பூரோடு மரபு சேர்த்துப் பேசும் அதே தோமாதான். அவருக்குச் சொன்ன பதில் அது. பயந்தவனுக்குச் சொன்ன ஆறுதலை எடுத்து அடுத்தவனை மிரட்டப் பயன்படுத்தினால் அது சுவரில் எழுதியவர் குறை.

ஆனால் இதைச் சொல்லிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. ஆறுதல்தான் என்றாலும் அதில் ‘அல்லாமல்’ இருக்கிறது. அப்போஸ்தலர் பணி 4:12 இன்னும் கறாராகச் சொல்கிறது: அவராலன்றி வேறு எவராலும் இரட்சிப்பு இல்லை. சொன்னவர் பேதுரு, வலை இழுத்துக்கொண்டிருந்த ஆள். நடக்க முடியாத ஒருவனைக் குணமாக்கியதற்காக யூத ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தி, யார் பெயரால் செய்தாய் என்று கேட்டபோது சொன்னது. ஆக, ‘ஒரே வழி’ என்பது பிற்காலத்தில் யாரோ ஒட்டவைத்த பிடிவாதம் இல்லை. மூல நூலிலேயே இருக்கிறது.

கவனித்தால் இங்கே ‘வழி’ என்பது ஒரு பாதையோ பாலமோ இல்லை, ஒரு ஆள். பாஸ்டரின் உவமை அங்கேதான் சறுக்கியது. பாலம் இருந்த இடத்தில் இருக்கும், நாம்தான் நடந்து போக வேண்டும். கிறிஸ்தவம் சொல்லும் கதையில் நடந்து வருவது எதிர்த்தரப்பு. கச்சான் காற்றில் இன்ஜின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும் படகை நோக்கி ஒரு படகு கரையிலிருந்து வருகிற கதை அது.

யார் மீட்டது, யாருக்காக?

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். நான் இத்தனை வருஷத்தில் கண்டுகொண்டது ஒன்றுதான்: இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நகையை மீட்டது யார் என்பது ஒரு கேள்வி. மீட்டவர் பெயர் தெரிந்தால்தான் நகை கைக்கு வருமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு அநேகமாக எல்லாச் சபைகளும் ஒரே பதில் சொல்கின்றன: இயேசு, அவர் மட்டும். அடிதடி எல்லாம் இரண்டாவதில்தான்.

என் தம்பியின் சபையைப் போன்றவர்கள் இரண்டாவது கேள்விக்கும் ‘ஆம்’ என்பார்கள். அவரை அறிந்து, வாயால் அறிக்கையிட்டு, நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டும். ரோமர் பத்தாம் அதிகாரம் அவர்கள் பலம்: கேள்விப்படாதவர் எப்படி நம்புவார், சொல்பவர் இல்லாமல் எப்படிக் கேள்விப்படுவார்? ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி நீட்டும் ஆளின் அவசரம் இங்கிருந்து வருகிறது. நண்பனுக்கு அது தொந்தரவு. தம்பி பக்கமிருந்து பார்த்தால், புயல் எச்சரிக்கை தெரிந்தும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமல் படுத்துத் தூங்குகிறவன்தான் கொடியவன்.

கத்தோலிக்கரும் நெடுங்காலம் இந்த இடத்தில்தான் நின்றார்கள். ‘திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை’ என்ற சொற்றொடர் மூன்றாம் நூற்றாண்டு ஆயர் சிப்ரியானோடு சேர்த்துப் பேசப்படுவது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அந்தப் போதனையோடுதான் வந்தார். அதன் எடை அவருக்கு உறைத்தது ஜப்பானில். அங்கே மனம் திரும்பியவர்கள், எங்கள் செத்துப்போன அப்பன் பாட்டனை எப்படி மீட்பது என்று கேட்டு அழுதார்கள் என்றும், வழியில்லை என்று சொல்ல நேர்ந்தது தமக்கே துயரமாக இருந்தது என்றும் 1552-ல் கடிதம் எழுதியிருக்கிறார். டீக்கடைப் பெரியவர் கேட்ட அதே பாட்டன்!

பின்னால் காற்று மாறியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் குரு லியோனார்டு ஃபீனி, வெளியே இருக்கும் யாருக்கும் மீட்பே இல்லை என்று வரிக்கு வரி அடம்பிடித்தார். ரோமில் இருக்கும் திருச்சபைத் தலைமை கண்டித்தது. கூப்பிட்டபோது போகவில்லை. கீழ்ப்படியாமைக்காக 1953-ல் சபைக்குப் புறம்பாக்கினார்கள். வெளியே மீட்பு இல்லை என்றவரையே வெளியே நிறுத்திவிட்டார்கள். பிற்பாடு, 1972-ல், சமாதானம் ஆனது.

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21-ல் திருச்சபை பற்றிய ஏட்டை வெளியிட்டது. தன் தவறில்லாமல் கிறிஸ்துவை அறியாமல் போனவர்கள், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டியபடி வாழ முயன்றால் அவர்களும் மீட்படைய முடியும் என்று அதன் பதினாறாம் பத்தி சொல்கிறது. மீட்பவர் மாறவில்லை. அவர் பெயர் தெரியாமலேயே அவரால் மீட்கப்படலாம் என்பதுதான் சேதி. அண்ணன் அடகுக்கடைக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்து நகையை அலமாரியில் வைத்துவிட்டான். தங்கச்சிக்கு யார் கட்டியது என்று தெரியாது. தெரியாவிட்டாலும் நகை அவளுடையதுதான்.

அந்த ஏடு வந்து ஒரு மாதம் முடிந்து, டிசம்பர் 22-ந் தேதி ராத்திரி, தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது. ரயிலோடு போனவர்கள், தூக்கத்தில் போனவர்கள், யாத்திரைக்கு வந்தவர்கள். மாதாவைக் கும்பிட்டவரும் ராமநாதரைக் கும்பிட்டவரும் அல்லாவைத் தொழுதவரும் ஒரே அலையில். ரோமில் லத்தீனில் எழுதிய அந்தப் பத்தியை எங்கள் பங்கில் அப்போது எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. ஆனால் இங்கே பிறந்த எனக்கு அந்த இரண்டு தேதிகளையும் பிரித்துப் படிக்க வரவில்லை.

மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. இயேசு ஒரு மீட்பர், மற்ற மதங்களிலும் வேறு வழிகள் உண்டு என்பது. ஜான் ஹிக் என்ற ஆங்கிலேயர் இதை வலுவாக வாதாடினார். நண்பனுக்கு மிகவும் பிடித்த கட்சி. பெரும்பாலான சபைகள் இதை ஏற்கவில்லை, 2000-ல் ரோமிலிருந்து வந்த ஓர் அறிக்கை இதை வெளிப்படையாகவே மறுத்தது. காரணம் எளிது. இது முதல் கேள்வியின் பதிலையே மாற்றிவிடுகிறது.

குரங்குக்குட்டியும் பூனைக்குட்டியும்

யார் மீட்டது என்பதில் ஒத்துப்போனாலும், நம் பங்கு என்ன என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பெரிய பிளவு. இதை விளக்க எனக்கு நண்பனின் வைணவம்தான் கைகொடுத்தது. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, வைணவத்தின் ஒரு பிரிவான வடகலைக்கு உவமை. ஒன்றும் செய்யாமல் கிடந்து, தாயே கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி, இன்னொரு பிரிவான தென்கலைக்கு. பதினாறாம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதர் பூனைக்குட்டி பக்கம் நின்றார்: கிருபையால், நம்பிக்கை ஒன்றினால் மட்டுமே. எபேசியர் இரண்டாம் அதிகாரம் அவர் ஆயுதம். கத்தோலிக்கர் யாக்கோபு திருமுகத்தைக் காட்டினார்கள்: செயலற்ற நம்பிக்கை செத்தது. கிருபை முந்திக்கொள்கிறது, ஆனால் குட்டியும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். பல தலைமுறை ஐரோப்பா இதற்காகவும் ரத்தம் சிந்தியது. 1999 அக்டோபர் 31-ல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ரோமும் அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எங்கள் வீட்டில் இன்னும் கையெழுத்தாகவில்லை. அம்மா செபமாலை உருட்டும்போது தம்பி முற்றத்துக்குப் போய்விடுகிறான்.

நண்பனிடம் திருப்பி ஒன்று கேட்டேன். விபீடணன் ராமனைச் சரணடைந்த இடம் என்று அவன் ஊரைச் சொல்கிறார்கள். வைணவர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் கீதையின் சரம சுலோகம் ‘மாமேகம் சரணம் வ்ரஜ’ என்கிறது. என் ஒருவனையே சரணடை. அந்த ‘ஒருவனையே’ எங்கிருந்து வந்தது? கீழக்கரைப் பாய்மார் ஓதும் கலிமாவும் ‘அல்லாவைத் தவிர வேறு இறைவன் இல்லை’ என்றுதான் தொடங்குகிறது. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஆனா நாங்க பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் கொடுக்கலையே” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல இதை எழுதவில்லை, ஒன்றில்லை. ‘ஒருவனே’ என்று சொல்வது பக்தியின் இயல்பு, கிறிஸ்தவருக்கு மட்டும் பிடித்த கிறுக்கு இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

அந்த ‘ஒரே’ இந்த மண்ணில் விலை கேட்டும் இருக்கிறது. திருவாடானைப் பக்கம் ஓரியூர். லிஸ்பனில் பிறந்த இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ, காவி உடுத்து, புலால் தவிர்த்து, அருளானந்தராகச் சுற்றியவர். சேதுபதி வம்சத்துத் தடியத்தேவர் நோய் தீர்ந்து ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியோடு வாழ்ந்தால்தான் என்றார். தடியத்தேவரும் மற்ற மனைவிகளை ஒதுக்கினார். ஒதுக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947-ல் புனிதர் பட்டம். ஒதுக்கப்பட்ட பெண்கள் பக்கம் நின்று இந்தக் கதையைச் சொன்னவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஒரே கடவுள், ஒரே வழி என்பது மனசுக்குள் வைத்துக்கொள்ளும் கருத்தாக நின்றுவிடாமல் ஒரு வீட்டையும் அரண்மனையையும் கலைத்திருக்கிறது. இன்று அந்தச் செம்மண்ணை அள்ளிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவர்களில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். யாரும் யாரிடமும் நம்பிக்கை அறிக்கை கேட்பதில்லை.

சரி, அந்தப் பாட்டன்?

எங்கள் நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில், ஞாயிறுதோறும் நாங்கள் முணுமுணுத்துக் கடந்துபோகும் ஒரு வரி உண்டு: ‘பாதாளத்தில் இறங்கி’. வெள்ளிக்கிழமை சிலுவையில் செத்தவர் ஞாயிறு எழுவதற்கு முன் எங்கே போனார் என்பதற்குப் பழைய திருச்சபை சொன்ன விடை அது. தமக்கு முன்னால் செத்துப்போன நீதிமான்களைக் கூட்டிவரப் போனார். கீழ்த்திசைச் சபைகளின் உயிர்ப்புப் படங்களில் அவர் ஆதாமையும் ஏவாளையும் கையைப் பிடித்து இழுப்பார், ஆதாம் கிழவராக இருப்பார். பெயர் கேள்விப்படாமல் போனவர்களுக்கு என்ன வழி என்ற கவலை ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது. அந்த இறக்கம் யாரை எல்லாம் எட்டும் என்பதில் சபைகளுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. தம்பி அதை நீட்டிப் படிக்க மறுப்பான். அம்மா செபமாலையில் ‘எல்லாரையும் விண்ணுலகப் பாதையில் நடத்தியருளும்’ என்று வரும்போது கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள்.

போன வாரம் அதே டீக்கடையில் பெரியவரிடம் இதைச் சொன்னேன். ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப எங்க பாட்டனைக் கூட்டியாரப் படகு போச்சுங்கிறாக.”

“அப்படித்தான் சொல்றாக, ஐயா.”

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

“அவ்வளவு தூரத்துக்கு டீசலு யாரு போட்டது தம்பி?”